வீடு கட்டுமுன் கயிறு பிடித்துப் பாருங்கள்

(புதிய வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்திருக்கும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கும், அங்குள்ள மாதர் சங்கங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு திறந்த மடல்)

அன்பான அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிமாரே,

புது வீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டது. வராதவர்களுக்கு அடுத்த பட்டியலில் வரும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய குடும்பத்துக்கு 550 சதுர அடியில் தனி வீடு என்றால் அது லேசுப்பட்ட விஷயமா? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து காத்திருந்தது இப்போதுதான் கைக்கு எட்டுகிறது. அந்தச் சந்தோஷத்தில் மண் போட நான் இந்த மடலை எழுதவில்லை. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு காரியம் கேட்கவே எழுதுகிறேன்.

வீட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதை நிலத்தில் முழு அளவில் விரித்துப் பாருங்கள். சரிவராத இடத்தைத் திருத்தித் தரும்படி எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். இதையெல்லாம் கூடிச் செய்ய ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு பொதுப் பட்டறையைத் திறந்துகொள்ளுங்கள். வீடு முடிந்த பிறகும் அந்தப் பட்டறைக்கு வேலை இருக்கும்.

இந்த வீடுகள் வந்த வழி உங்களுக்குத் தெரியும். 2012 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வடக்கு கிழக்கில் 45,000 வீடுகள், மலையகத்தில் 4,000 வீடுகள் என்று தீர்மானமாயிற்று. நமக்கு வேலை தொடங்க 2016 ஆயிற்று. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். உங்களில் பலர் அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். ஒரு வீட்டுக்கான தொகை பிறகு 28 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள்.

ஒரே இந்திய உதவிதான், ஆனால் வன்னியில் நடந்ததும் நம்மிடம் நடப்பதும் வேறு வேறு. அங்கே பணம் தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. மேசன் பாஸை அவரே பிடித்தார், மணலை அவரே பேசி இறக்கினார், வாசல் எந்தப் பக்கம் என்று அவரே முடிவெடுத்தார். அதில் வீட்டைப் பெரிதாக்கப்போய்க் கடன்பட்டவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே காணி தோட்டக் கம்பனியிடமிருந்து விடுபட்டு வர வேண்டும், சரிவை வெட்டித் தளம் எடுக்க வேண்டும், மேலே உள்ள வீட்டுத் தண்ணீர் கீழே உள்ள வீட்டில் விழாமல் பார்க்க வேண்டும். அதனால் நிறுவனங்கள் வழியாக வேலை நடக்கிறது. காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மலையை வெட்டுவது நிறுவனம் என்பதற்காக, அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதையும் நிறுவனமேதான் முடிவுசெய்ய வேண்டுமா?

சாவி கொடுத்துக் குடிபோன வீடுகளைப் பார்க்கப் போனால் நான் முதலில் பின்பக்கம்தான் போவேன். வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். பின்சுவரோடு ஒட்டி நாலு கம்பு நட்டு, பழைய லயத்துத் தகரத்தை மேலே போட்டு, மண் அடுப்பு ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே சமையலறை இருக்கும். அதில் காஸ் அடுப்பும் இருக்கும், காஸ் இருந்தால். ஆனால் நம்முடைய அடுப்புக்குச் சமைப்பது மட்டுமா வேலை? டிசம்பர் ஜனவரிக் குளிரில் வீட்டைச் சூடாக்குவது அது. மலைக்குப் போய் நனைந்து வந்தவர்களின் உடுப்பு காய்வது அதன் மேல் கட்டிய கொடியில். ஈர விறகு காய்வது அதற்கு மேலே உள்ள பரணில். ராத்திரி ஆயாவும் பேரப்பிள்ளையும் குந்தியிருந்து கதை பேசுவது அதன் பக்கத்தில். படம் வரைந்தவர் நல்ல மனசோடுதான் வரைந்திருப்பார். அவருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை. பலன், குடும்பமே கூடியிருக்க வேண்டிய இடம் காற்று மழைக்கு நடுவே தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டது. புகையும் அந்தக் கொட்டிலுக்குள்ளேதான் சுழல்கிறது. படத்தில் ஒரு புகைக்கூண்டும் ஒரு பரணும் இருந்திருந்தால் இத்தனையும் வீட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும்.

அதனால் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். 22 அடி நீளம், 25 அடி அகலம் வைத்தால் 550 சதுர அடி. உங்கள் படத்தில் அளவு கொஞ்சம் மாறியிருக்கலாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் முன்னால் உள்ள வெளியிலோ விளையாட்டு மைதானத்திலோ நாலு முளை அடித்து, கொடிக்கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே அறைகளுக்கும் கயிறு கட்டுங்கள். கதவு வரும் இடத்தில் கயிற்றை விட்டுவிடுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டி, டிவிப் பெட்டி எல்லாம் கொண்டுவந்து கட்டில் அளவுக்கு, அலுமாரி அளவுக்கு, அடுப்பு மேடை அளவுக்கு அடுக்குங்கள். அடுக்கி முடித்த பிறகு அந்த வீட்டுக்குள் வாழ்ந்து பாருங்கள். ஆயா ராத்திரி எழும்பி மலசலகூடத்துக்குப் போகட்டும். வழியில் யாருடைய காலை மிதிக்கிறார் என்று பாருங்கள். பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் அம்மா ரொட்டி சுடட்டும். மகள் பாடசாலைக்குத் தலை சீவட்டும். படங்கை எங்கே கழற்றித் தொங்கவிடுவீர்கள்? கொழும்பிலிருந்து மகன் தீபாவளிக்கு வந்தால் எங்கே படுப்பான்? சாமிப் படம் எந்தத் திசை பார்க்கும்? பெண் சமைந்தால் எங்கே உட்காரவைப்பீர்கள்? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பிரேதத்தை எப்படி உள்ளே வைத்து, எந்தக் கதவால் வெளியே எடுப்பீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சவப்பெட்டி திரும்ப இடமில்லாத நடையைக் கட்டிவிட்டு நிற்பது அதைவிடச் சங்கடம்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்துவிடலாம். செலவு கயிற்றுக்கு மட்டும்தான். அன்று எழும் கேள்விகள் எந்த அலுவலகத்துக் கூட்டத்திலும் எழாது. கூட்டத்தில் பேச வெட்கப்படுகிற அக்கா, கயிற்றுக்குள் நின்றால் “இந்த ஜன்னல் இங்க வேணாம், இந்தப் பக்கந்தான் சாரல் அடிக்கும்” என்று தானாகச் சொல்வார்.

இது நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் தொழிற்சங்கக்காரர்களின் சரித்திரம் ஒன்று இருக்கிறது. நம் தோட்டங்களில் சங்கம் என்றால் சம்பளம், லீவு, வேலை நீக்கம் என்றே பழகிவிட்டோம். நோர்வே நாட்டில் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் வேறு ஒன்றையும் கேட்டது. தொழிற்சாலைக்குக் கணினி வரப்போகிறது என்றதும், அது எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் உரிமை அதைப் பாவிக்கப் போகிற எங்களுக்கும் வேண்டும் என்றார்கள் அந்தத் தொழிலாளர்கள். கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் அவர்களோடு சேர்ந்து நின்றார். பத்து வருஷம் கழித்து, 1981இல், சுவீடனிலும் டென்மார்க்கிலும் பத்திரிகை அச்சுக்கோப்புத் தொழிலாளர்களின் சங்கங்கள் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இன்னும் ஒரு படி போயின. பத்திரிகைப் பக்கத்தைக் கணினியில் அமைக்கும் கருவி அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. வெறும் காட்போட் பெட்டிகளை மேசையில் அடுக்கி, இதுதான் அச்சு இயந்திரம், இதுதான் திரை என்று வைத்துக்கொண்டு, தொழிலாளர்களே வேலை செய்து பார்த்தார்கள். எது கைக்கு எட்டவில்லை, எது கண்ணை உறுத்துகிறது என்று அந்த வெறும் பெட்டியை வைத்தே சொன்னார்கள். பாவிப்பவரே சேர்ந்து வடிவமைக்க வேண்டும் என்று இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடம் நடக்கிறது. அதன் வேர் சங்கக் கூட்டத்தில் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு மேலாகச் சங்கம் கட்டிவரும் நமக்கு இந்தக் கோரிக்கை அந்நியமே இல்லை. அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் வீட்டுப் படத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் தலைவரிடம் கேளுங்கள்.

நோர்வே தூரம் என்றால் கண்டிக்கு வாருங்கள். மினெட் டி சில்வா என்ற கட்டிடக் கலைஞர் 1918இல் கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டிடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் கடைசியில் கண்டி வட்டப்புளுவவில் அரச ஊழியர்களுக்கு ஒரு வீட்டுத் திட்டம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லாரும் குடிவரப் போகிற இடம். அவர் முதலில் வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு செலவழிக்க முடியும், எப்படிச் சமைப்பீர்கள், எப்படிக் கும்பிடுவீர்கள் என்று கேட்டார். நேரில் கூப்பிட்டும் பேசினார். அந்தப் பதில்களிலிருந்துதான் பல மாதிரியான வீட்டு வகைகள் பிறந்தன. அவர் கட்டிய வேறு வீடுகளில் தும்பறைப் பாய் நெய்பவர்களின் கைவேலை கதவிலும் சுவரிலும் ஏறியது. நம்முடைய இதே மலைநாட்டில், அறுபது வருஷத்துக்கு முன்பே, வீட்டுக்காரரைக் கேட்டு வீடு கட்டிய ஒருவர் இருந்திருக்கிறார். அன்று கேட்கப்பட்டவர்கள் உத்தியோகத்தர்கள். லயத்துக்கு அந்த வினாக்கொத்து வரவே இல்லை. இன்று வரவேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

கொழும்பிலும் ஒன்று நடந்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், நகரத்துக் குடிசைப் பகுதிகளில் குடியிருப்பாளர் சபைகள் அமைந்தன. அந்தச் சனமே கூடிப் பேசித் தங்கள் இடத்துக்குத் திட்டம் போட்டது. கிணறு, பாதை, வடிகான் மாதிரிச் சின்னப் பொது வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரரிடம் கொடுக்காமல் அந்தச் சபைகளே கொந்தராத்தாக எடுத்துச் செய்யும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. பிற்பாடு ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு நிறுவனம் இந்த முறையை வேறு நாடுகளுக்கும் கொண்டுபோனது. நம் தோட்டங்களிலும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பெயருக்கு இருக்கும் சங்கத்தை வேலைக்கு இருக்கும் சங்கமாக மாற்றுவது அங்கத்தவர்களாகிய உங்கள் கையில்தான் இருக்கிறது.

“நாங்க படிக்காத சனம், வீட்டுப் படம் எல்லாம் எங்களுக்கு எங்க விளங்கும்” என்று சிலர் சொல்வீர்கள். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. இடுப்பில் கட்டுகிற படங்கைப் பாருங்கள். பனியில் நனையாமல், கவ்வாத்து வெட்டிய மரத்தின் குச்சி குத்தாமல், குனிந்து நிமிரத் தடையில்லாமல் அதை எந்த உயரத்தில் சுற்ற வேண்டும், எங்கே மடிக்க வேண்டும், கயிற்றை எத்தனை சுற்றுக் கட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தது யார்? சாக்காக இருந்ததைப் பிளாஸ்டிக்காக மாற்றியபோது வேர்த்து ஒழுகாமல் இருக்க உள்ளே பழைய துணியைச் சேர்த்தது யார்? கூடைக் கயிறு தலையை அறுக்காமல் சேலைத் துண்டை மடித்து வைத்தது யார்? நம் அம்மாமார்தான். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. கொழுந்து வெட்டும் கத்தரி போன்ற கருவிகளை அங்கே ஆராய்கிறார்கள். அந்தக் கத்தரியின் கைப்பிடி எவ்வளவு பருமனாக இருந்தால் மணிக்கட்டு வலிக்காது என்று சொல்லக்கூடியவர் உங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருக்கிறார்.

லயத்தையே பாருங்களேன். கம்பனிக்காரன் கட்டியபோது இருந்த லயமா இன்று இருக்கிறது? இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினோம். கோடிக் காம்பராக்காரர்கள் பக்கவாட்டில் இறக்கினார்கள். வாசலில் திண்ணை வைத்து, குரோட்டன் நட்டு, சுவரில் பச்சையோ நீலமோ பூசினோம். நம்முடையது என்று எழுத்தில் இல்லாத ஒரு இடத்தில், துரையின் அனுமதிக்குப் பயந்து பயந்து, இவ்வளவையும் செய்த சனம் இது. 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ சொந்தக் காணி கைக்கு வந்தால் என்னதான் செய்யமாட்டோம்?

கூடிச் செய்வது என்றால் அதற்கும் நாம் வெளியே போய்ப் படிக்கத் தேவையில்லை. மாசி மாதம் காமன் கூத்து ஆடும் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியதும் தோட்டமே வேறாகிவிடும். ரதிக்கும் மதனுக்கும் கிரீடம் வேண்டும், புஜக்கீர்த்தி வேண்டும். இலேசான மரத்தை ஒருவர் செதுக்குவார். அதன் மேல் வண்ணக் காகிதத்தையும் கண்ணாடிச் சில்லையும் பிள்ளைகள் ஒட்டுவார்கள். ரதிக்குச் சேலை ஒரு வீட்டிலிருந்து வரும், நகை இன்னொரு வீட்டிலிருந்து வரும். தப்பைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சுவார்கள். ஆட்டம் பழக்கும்போது வேலியோரம் நிற்கிற கிழவர் “அந்த அடி அப்பிடி இல்லடா” என்று உள்ளே வந்து ஆடிக் காட்டிவிட்டுப் போவார். கூத்து மாஸ்டரும் அதைக் கேட்டுத் திருத்துவார். காமன் எரிந்து, ரதி ஒப்பாரி வைத்து முடிகிற வரைக்கும் யார் செய்தது, யார் பார்த்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களும் இப்படி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்த் திருந்தி வந்தவைதான். இந்தத் திறமை வருஷத்தில் சில வாரம் பொட்டலில் நின்று வேலை செய்கிறது. மீதி மாதங்களுக்கு அதற்கு ஒரு கூரை இல்லை. அந்தக் கூரையைத்தான் பொதுப் பட்டறை என்கிறேன்.

உங்கள் தோட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். புதிய சிறுவர் நிலையம் வந்த பிறகு பூட்டிக் கிடக்கும் பழைய பிள்ளை மடுவம் இருக்கும். பாவிக்காத கொழுந்து மடுவம் இருக்கும். மூடிய ஸ்டோரின் ஒரு மூலை இருக்கும். யாரோ அடிக்கல் நாட்டிக் கட்டி, தேர்தலுக்கு மட்டும் திறக்கும் மண்டபம் இருக்கும். கூரை ஒழுகாத ஒன்று போதும். உள்ளே வைக்க முதலில் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நீளமான ஒரு மேசை, இரண்டு வாள், இழைப்புளி, உளி, சுத்தியல், அளவு நாடா, இரண்டு தையல் மெஷின், ஒரு வெள்ளைப் பலகை இருந்தால் தொடங்கலாம். பாதிச் சாமான் லயத்திலேயே யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. கொழும்பில் பெரிய வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற தம்பி, அலுமினியம் பொருத்துகிற தம்பி, கார்மன்ட்ஸில் ஜூக்கி மெஷின் ஓட்டுகிற தங்கச்சி, கைத்தொலைபேசி பழுதுபார்க்கிற பிள்ளை, வெல்டிங் தெரிந்தவர் எல்லாரும் நம் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் கற்ற தொழில் அடுத்தவர் வீட்டில்தான் அழகாகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது அவர்கள் கையில் இருப்பதை இங்கே உள்ள பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க ஒரு இடம் இருக்கட்டும். இரண்டு நாள் லீவில் வருகிறவன் ஒருநாள் பின்னேரத்தைத் தரமாட்டானா? கேட்டால் தருவான்.

மட்டக்களப்பில் ட்ரீம்ஸ்பேஸ் அகாடமி என்று ஒன்று நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினைக்குத் தாங்களே கருவி செய்து பார்க்கும் பொது இடம் அது. மின்னணுவியலும் கலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நம் இளைஞர் மன்றங்கள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம், இரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் பாபல் என்ற கிராமத்தில் 1983இல் தொடங்கிய விக்யான் ஆசிரமத்தில், பாடசாலையில் தேறாத பிள்ளைகள்கூட வெல்டிங்கும் மேசன் வேலையும் மின்வேலையும் செய்தபடி அறிவியல் படித்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன்னுடைய ஃபேப் லேப் பட்டறையை வெளியுலகில் முதலில் வைக்க இடம் தேடியபோது, 2002இல், அந்தக் கிராமத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. பெரிய நகரம் ஒன்றையும் தேடிப் போகவில்லை.

நம் பக்கத்திலேயும் உண்டு. நுவரெலியாவில் அம்மா என்ற பெயரில் இயங்கும் சிறு நிறுவனத்தில் தோட்டத்துத் தாய்மார் வெங்காயத் தோல், ஆனைக்கொய்யாக் கொட்டை, தேயிலை மாதிரிப் பொருட்களிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள். குப்பைக்குப் போகிற தோலில் இப்படி ஒரு நிறம் இருக்கிறது என்பது அந்தத் துணியைப் பார்த்தால்தான் நம்ப முடியும். தேயிலைத் தூளை வாழ்நாள் முழுக்கப் பார்த்த நமக்கு அது துணியில் என்ன நிறம் தரும் என்று கேட்கத் தோன்றவே இல்லை, பாருங்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து செய்து பார்க்க இடமும் நேரமும் இருந்தால் அந்தக் கேள்விகள் வரும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையோடு மலை சரிந்து வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை சரியலாம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது. புது வீடு எந்த மலையில் வரப்போகிறது என்பதைப் பற்றி இப்போது பேசாமல் எப்போது பேசுவது?

இதற்கும் பட்டறை வேண்டும். பெரிய பலகை ஒன்றில் உங்கள் டிவிஷனின் வரைபடத்தை வரையுங்கள். கான் வெட்டிய தாத்தாமாரைக் கூப்பிடுங்கள். எந்தத் தலைக்கான் எங்கே போய் எங்கே இறங்கியது, எந்தக் கான் மண் நிரம்பி மூடிக் கிடக்கிறது, எந்த மலையில் மழைக்காலத்தில் புது ஊற்றுப் பொங்குகிறது, எந்தப் பீலியில் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது, எந்தச் சவுக்கு மரம் வருஷா வருஷம் சாய்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் வண்ணக் குண்டூசியால் குத்திக் குறியுங்கள். கான் மூடினால் மழைத்தண்ணீர் வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்து, பிடி விட்டுச் சரியும். அதை எந்தப் பொறியியலாளரும் மறுக்கமாட்டார். அவரிடம் மழையளவும் மண் பரிசோதனையும் இருக்கும். உங்களிடம் ஐம்பது வருஷ ஞாபகம் இருக்கும். வீட்டுக்காணி அளக்க அதிகாரிகள் வரும் நாளில் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வையுங்கள். பேசத் தெரியாது என்று பின்னால் நிற்கத் தேவையில்லை; பலகை பேசும்.

இனி இடையூறுகள். அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். கட்டிடம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும். துரைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பிரதி ஒன்றைப் பிரதேச சபைக்கும், ஒன்றைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் கொடுங்கள். முன்பெல்லாம் தோட்டத்துக்குள் பிரதேச சபை ஒரு விளக்குப் போடவும் சட்டம் இடம் தரவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் சமயத்தில் அம்பகமுவ சபை மூன்றாகவும் நுவரெலியா சபை மூன்றாகவும் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கெல்லாம் தனிச் சபை வந்தது. அங்கே உறுப்பினராக உட்கார்ந்திருப்பவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள். ஒரு கூரைத் தகரமும் ஒரு மின் இணைப்பும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சாவி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நல்ல நோக்கத்தோடு வந்த தையல் மெஷின்கள் ஒரு அறைக்குள் பூட்டப்பட்டு, சாவி தோட்டத்துக்கு வெளியே யாரிடமோ இருந்து, திட்டம் முடிந்ததும் மெஷினும் காணாமற்போன கதை நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். சாவி இரண்டு இருக்கட்டும், இரண்டும் லயத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று கட்டாயம் ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும். எடுத்த சாமானை எழுத ஒரு கொப்பி வையுங்கள். எந்தச் சங்கத்துக் கொடியும் வாசலில் வேண்டாம். எல்லாச் சங்கத்துக்காரரும் உள்ளே வரட்டும். எந்தச் சாதிக்காரரும் கதவருகே நின்று தயங்கும்படி வைக்காதீர்கள்; தப்பு அடிப்பவரின் கைத்திறன் இந்தப் பட்டறைக்கு முதலில் வேண்டியது. குடித்துவிட்டு வருபவருக்கு அன்று இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் பெண்களைக் கேட்டே வையுங்கள். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குக் கொடுத்து முடிக்க எட்டு மணியாகும். ஆறு மணிக்குத் திறக்கும் பட்டறை ஆண்களுக்கான பட்டறையாகத்தான் முடியும். ஞாயிறு பின்னேரம் திறந்து, பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லிப் பாருங்கள். அல்லது அந்த நேரத்துக்கு வீட்டில் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டறையில் முதலில் செய்யும் சாமான் ஒன்றை நான் பரிந்துரைக்கட்டுமா? பரணும் புகைக்கூண்டும் உள்ள ஒரு விறகடுப்பு. அட்டையிலும் களிமண்ணிலும் முழு அளவில் செய்யுங்கள். ஆயாமார் அதன் முன்னால் உட்கார்ந்து உயரத்தைச் சொல்லட்டும். வெல்டிங் தெரிந்த தம்பி பழைய தகரத்தில் குழாய் உருட்டட்டும். ஐந்தாறு தடவை மாற்றிச் செய்து, புகை ஒழுங்காக வெளியே போகிற ஒன்று அமைந்ததும் அதை அளந்து படம் வரையுங்கள். அந்தப் படத்தில் எல்லாக் குடும்பமும் கையெழுத்திட்டு, வீட்டுத் திட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு பிரதியைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுங்கள். அவர்கள் அதில் வேறு ஏதாவது திருத்தினால் திரும்ப வாங்கிப் பாருங்கள்.

வருகிற ஞாயிறு எத்தனை வீட்டில் கொடிக்கயிறு இருக்கிறது என்று கேட்டுவையுங்கள். முளைக் கம்பு மலையிலேயே வெட்டிக்கொள்ளலாம். அளவு நாடா இல்லாவிட்டால் மேசன் பாஸிடம் இருக்கும். அவரையும் கையோடு கூட்டிவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி